திண்ணையும் ரிப்பன் மாளிகையும்

வாஷிங்டனில் யார் என்ன பேசினார், டில்லியில் எந்த மந்திரிக்கு எந்த இலாகா கிடைத்தது என்பன போன்ற விஷயங்களில் சென்னைவாசிகளுக்கு உள்ள ஞானம் அபாரமானது. மாலை வேளையில் பூங்காவுக்குக் காற்று வாங்க வரும் பெரியவர் எவரைக் கேட்டாலும், உலக விவகாரங்களைப் பற்றி அரை மணி நேரம் தங்கு தடையின்றிப் பிரசங்கம் செய்வார். ஆனால் அவரிடமே, “ஐயா, தங்கள் வீடு எத்தனையாவது வார்டில் இருக்கிறது? அந்த வார்டுக்கு நகரசபை அங்கத்தினர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் சற்று நேரம் ஆகாயத்தைப் பார்ப்பார், பிறகு, “மழை வரும் போலிருக்கிறதே!” என்று சொல்லிவிட்டு எழுந்து விடுவார்.

மழை வந்தால் அவர் வீட்டு வாசலில் முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்குமா, நிற்காதா என்பதைத் தீர்மானிப்பவர் வாஷிங்டனில் இல்லை, டில்லியிலும் இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ரிப்பன் மாளிகை என்னும் வெள்ளை மாளிகையில் கூடும் சபையில் இருக்கிறார். அவரை அந்தச் சபைக்கு அனுப்பி வைத்தவர்கள் நாம்தான். அல்லது, வாக்குச் சாவடிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டதன் மூலம், மற்றவர்கள் அனுப்பி வைக்கட்டும் என்று விட்டுவிட்டவர்கள் நாம்தான்.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களுக்கெல்லாம் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுவதும் நூற்றுக்குச் சுமார் 60 பேர் வாக்களித்தார்கள். படித்தவர்கள் நிறைந்த தலைநகரத்திலோ 44 பேர் கூட வாக்களிக்கவில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் குமுறுவதற்கு நூறு பேரும் இருக்கிறோம். அதைக் கேட்க ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குப் பாதிப் பேர் கூட இல்லை. நகர பரிபாலனத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லப் புகுமுன், இந்தக் கணக்கை முதலில் சொல்லி விடுவதுதான் நியாயம்.

பாட்டியின் சரித்திரம்

நமது நகரசபை நேற்று முளைத்ததன்று. இந்தியாவிலேயே மிகப் பழைய நகரசபை அதுதான். 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் தேதி, ஒரு மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மன்களும் அறுபது நகர உறுப்பினர்களும் கொண்டதாக அது ஆரம்பமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குச் சென்னைப் பட்டணத்து ஜனங்களிடம் திடீரென்று அன்பு பொங்கி இந்தச் சபையை ஏற்படுத்தவில்லை. கோட்டைச் செலவுக்கும் பட்டணத்துச் செலவுக்கும் பணம் வேண்டியிருந்தது. வரி போட்டால் ஜனங்கள் கடையை மூடிக்கொண்டு எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்கள் ஒரு யுக்தி கண்டு பிடித்தார்கள். அதிகாரம் படைத்தவன் பிடுங்கும் சொற்பத் தொகைக்கு அழுகிற மனிதன், தன் ஆட்களே கூடித் தீர்மானித்துப் போடும் பெரிய வரியை மனமுவந்து கொடுப்பான் என்பதே அந்த யுக்தி.

கம்பெனியார் எந்த எண்ணத்துடன் சொன்னாலும், அந்த வார்த்தையில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. வரி கொடுக்கிறவனுக்கும் வரியைச் செலவிடுகிறவனுக்கும் நடுவில் நம்பிக்கை என்ற ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால் நகரம் வளரும். அது போனால் நகரத்தில் கட்டிடங்கள் மட்டும் வளரும்.

அதன் பிறகு இருநூறு வருஷங்கள் கழித்து, 1882-இல், ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றிய தமது பிரசித்தி பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். ஊர்க் காரியத்தை ஊராரே பார்த்துக் கொள்வதுதான் ஜனங்களுக்கு நல்ல அரசியல் பயிற்சி என்பது அவர் கருத்து. அவர் பெயரைத் தாங்கித்தான் 1909-இல் அஸ்திவாரம் போட்டு 1913-இல் திறந்த மாளிகை இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. நகரசபைக்குப் புகார் சொல்லும் டெலிபோன் எண்ணும் 1913 என்றே அமைந்திருக்கிறது. மாளிகை திறந்த வருஷத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் புகார் எண்ணை மறக்க வேண்டியதில்லை.

அந்நியர் ஆட்சியிலே, சட்டசபைகளில் நமக்கு உண்மையான அதிகாரம் எதுவும் இல்லாத காலத்தில், நமது தலைவர்கள் நகரசபைகளை எவ்வளவு மதித்தார்கள் என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜாஜி 1917-இல் சேலம் நகரசபைத் தலைவரானார். ஈரோட்டில் பெரியார் ஈ.வே.ரா. நகரசபைத் தலைவராயிருந்தார். 1923-இல் ஜவஹர்லால் நேரு அலகாபாத்துக்கும், 1924-இல் சர்தார் வல்லபாய் படேல் ஆமதாபாத்துக்கும் நகரசபைத் தலைவரானார்கள். 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயரானபோது, சுபாஷ் சந்திர போஸ் அந்த நகரசபையின் பிரதம நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தார். தேச விடுதலைக்காகச் சிறை செல்லத் துணிந்தவர்கள், சாக்கடையும் தெரு விளக்கும் தங்கள் கௌரவத்துக்குக் குறைவான விஷயங்கள் என்று நினைக்கவில்லை. தெருவை ஆளத் தெரியாதவன் தேசத்தை ஆள முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓரணாச் சிற்றுண்டி

நகரசபை ஒன்று நல்ல புத்தியோடு செய்யும் ஒரு சின்னத் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் இருக்கிறது.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி, சர் பி. தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள நகரசபைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு செய்யலாம் என்பதே தீர்மானம். பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்கக் கமிஷனோ விசாரணையோ தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்தது. பின்னால் காமராஜர் காலத்தில் நாடெங்கும் பரவிய மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் அந்த ஓரணாவின் பேரப் பிள்ளைகள் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னோர் உதாரணம். 1939-இல் தீரர் சத்தியமூர்த்தி சென்னையின் மேயராயிருந்தார். நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம். கொற்றலை ஆற்றில் பூண்டி என்ற இடத்தில் அணை கட்டினால் பஞ்சம் தீரும் என்று கண்டார். யுத்தம் ஆரம்பமாகியிருந்த சமயம். வெள்ளைக்கார சர்க்காரிடம் மல்லுக்கு நின்று அனுமதி பெற்று, 1940-இல் வேலையை ஆரம்பிக்கச் செய்தார். 1944-இல் நீர்த்தேக்கம் பூர்த்தியாயிற்று. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. 1943-ஆம் வருஷமே காலமாகி விட்டார். அந்தத் தண்ணீரைத்தான் எண்பது வருஷங்களாகக் குடித்து வருகிறோம்.

பேச்சில் சிங்கம் என்று பெயர் வாங்கியவர் சத்தியமூர்த்தி. அவர் பேசியவற்றில் பலவற்றை நாடு மறந்து விட்டது. அவர் மேயராக இருந்து செய்த வேலையை ஒவ்வொரு கோடையிலும் நினைத்துக் கொள்கிறோம்.

காலி நாற்காலிகள்

இப்படிப்பட்ட சபைக்கு நேர்ந்த கதியைக் கேட்டால் வருத்தமாயிருக்கும்.

1973-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை நகரசபையைக் கலைத்தார்கள். கூலிப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயரை எழுதிப் பணம் எடுத்தார்கள் என்ற புகார் அப்போது பெரிதாயிருந்தது. குற்றம் செய்தவர்களைத் தண்டிக்க வேண்டியதுதான். அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்காகச் சபையையே பூட்டி வைப்பது, வீட்டில் எலி இருக்கிறது என்பதற்காக வீட்டைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதையாயிற்று. பூட்டிய கதவு திறக்க 1996-ஆம் வருஷம் ஆயிற்று. ஏறக்குறைய 23 வருஷங்கள்! 1973-இல் பிறந்த குழந்தை, பள்ளிக்கூடமும் கல்லூரியும் முடித்து, கலியாண வயதும் அடைந்த பிறகுதான் முதன்முதலாக ஒரு கவுன்ஸிலரைக் கண்ணால் பார்த்தது.

இனி அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே அரசியல் சட்டத்தில் 74-ஆவது திருத்தம் வந்தது, 1993-இல் அமுலாயிற்று. நகரசபையின் ஆயுள் ஐந்து வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்து விட வேண்டும். இடையில் கலைத்தாலும் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத வார்த்தைகள்.

அந்த வார்த்தைகள் இருந்தும் என்ன ஆயிற்று? 2016-ஆம் ஆண்டு அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதற்குச் சற்று முன்னால் தேர்தல் அறிவிப்பை உயர்நீதி மன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு எல்லை பிரிக்க வேண்டும் என்றார்கள், வழக்கு என்றார்கள், இட ஒதுக்கீடு என்றார்கள், கடைசியில் கொள்ளை நோயும் வந்து சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரையில் சபா மண்டபத்து நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. 1973 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரையுள்ள 48 வருஷங்களைக் கணக்குப் பார்த்தால், 28 வருஷங்களுக்கு மேல் சென்னைக்கு ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபையே கிடையாது. இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோட்டையில் யார் இருந்தாலும், ரிப்பன் மாளிகையில் இன்னோர் அதிகாரம் தலை தூக்குவதை அவர்கள் விரும்பியதில்லை.

“கவுன்ஸிலர்கள் இல்லாவிட்டால் என்ன? அதிகாரிகள் நன்றாகத்தானே பார்த்துக் கொண்டார்கள்?” என்று கேட்கும் கனவான்கள் உண்டு. திறமையும் நேர்மையும் உள்ள அதிகாரிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள் என்பதை மனப்பூர்வமாக ஒப்புக் கொள்கிறோம். ஆனால் அதிகாரி பதில் சொல்ல வேண்டியது தமக்கு மேலுள்ள அதிகாரிக்கு. கவுன்ஸிலர் பதில் சொல்ல வேண்டியது தெருமுனையில் நின்று, “என்ன ஸார், விளக்கு எரியவில்லையே!” என்று கேட்கிற பாட்டி அம்மாளுக்கு. கமிஷனரை ஓர் உத்தரவில் மாற்றி விடலாம். வந்தவர் மறுபடியும் நகரத்தின் பூகோளத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். கவுன்ஸிலர் எங்கே போவார்? அவர் வீடும் அதே தெருவில்தான் இருக்கிறது. அவர் வீட்டு வாசலிலும் அதே தண்ணீர்தான் நிற்கிறது.

2022-இல் அமைந்த சபையின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. அடுத்த சபைக்கான தேர்தல் அதற்குள் முடிந்தாக வேண்டும் என்பது சட்டம். இந்த விஷயத்தில் காரணம் சொல்லும் சாமர்த்தியத்துக்கு நம் நாட்டில் என்றும் பஞ்சமில்லை. ஆகையால் நகரவாசிகள் ஒவ்வொருவரும் இந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வைக்க வேண்டியது அவசியம்.

சாலை உயர்ந்தால்?

வரப்பு உயர வேண்டும் என்று ஔவைப் பிராட்டி அரசனை வாழ்த்தினாள். சாலை உயர வேண்டும் என்று அவள் வாழ்த்தியதாகத் தெரியவில்லை. ஆனால் சென்னையில் என்னவோ வருஷா வருஷம் உயர்ந்து கொண்டிருப்பது சாலைதான்.

பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டுவார்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அங்குலம். வருஷக் கணக்கில் இப்படியே போட்டு வந்தால், ஒரு காலத்தில் படி ஏறிப் போன வீட்டுக்குப் படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பாட்டன் கட்டிய வீட்டில் திண்ணை இருந்த இடம் பள்ளமாகி, மழைநீர் வாசலில் உத்தரவு கேட்காமல் உள்ளே வருகிறது. சாமான்களைக் கட்டில் மேல் ஏற்றுவதும், நெல்லை மூட்டை போல் வயதானவர்களை மாடிக்குத் தூக்கிச் செல்வதும் பல குடும்பங்களுக்குக் கார்த்திகை மாதத்து விரதம் போல் ஆகி விட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரிடமிருந்தே அறிவுரை சென்றது. பல இடங்களில் சுரண்டுகிறார்கள். சில இடங்களில், யாரும் பார்க்கவில்லை என்றால், சுரண்டுவதில்லை. பார்ப்பது யார் வேலை? தெருவில் குடியிருக்கும் நம் வேலை.

மழைநீர்க் கால்வாய் விஷயம் இதைவிடச் சிக்கலானது. மழைநீர் ஓடும் கால்வாய் நகரசபையைச் சேர்ந்தது. கழிவுநீர் ஓடும் குழாய் 1978-இல் ஏற்பட்ட குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. மின்சாரக் கம்பி வேறோர் இலாகா. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலை இலாகாவினுடையவை. ஒருவர் சாலை போட்டு முடித்ததும் இன்னொருவர் வந்து தோண்டுவதற்கு இதுதான் காரணம். கழிவுநீர்க் குழாய் அடைத்துக் கொண்டால், ரகசியமாக ஓர் இணைப்பைக் கொடுத்து, அந்த அசுத்தத்தை மழைநீர்க் கால்வாயில் விட்டு விடுகிறவர்களும் உண்டு. அப்படி விடுகிறவர்கள் அந்நியர்கள் அல்லர், நம்மில் சிலர்தான். மழை வந்ததும் அந்தக் கால்வாய் பொங்குகிறது. பொங்கியது மழைநீரா, வேறா என்று மூக்கு தீர்ப்புச் சொல்லி விடுகிறது.

2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போதும் சென்னை பட்ட பாடு மறக்கக் கூடியதன்று. ஒவ்வொரு தடவையும் ஏராளமான பணத்தைச் செலவிட்டுப் புதிய கால்வாய்கள் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் தண்ணீர் முன்னைவிடச் சீக்கிரம் வடிகிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நன்றி கெட்டதனம். ஆனால் கால்வாய் என்பது ஒரு தெருவோடு முடிவதன்று. ஒரு தெருவின் கால்வாய் அடுத்த தெருவில் போய்ச் சேர வேண்டும். அது கூவத்திலோ அடையாற்றிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ சேர வேண்டும். அங்கிருந்து தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். நடுவில் நூறு கஜ தூரம் இணைப்பு விட்டுப் போனால், கட்டிய கால்வாய் எல்லாம் கொசுவுக்குக் கட்டிய சத்திரந்தான். ஆகையால், “எங்கள் தெருவுக்குக் கால்வாய் வேண்டும்” என்று கேட்பதோடு நில்லாமல், “எங்கள் தெருக் கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது?” என்று கேட்கப் பழக வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த கவுன்ஸிலரே நல்ல கவுன்ஸிலர்.

குப்பையும் நியாயமும்

சென்னை நகரம் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. 2011-இல் சுற்றிலுமுள்ள 42 ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, 174 சதுரக் கிலோமீட்டராயிருந்த நகரம் 426 சதுரக் கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 200 ஆயின. நகரம் விரிந்தது, ஆனால் குப்பை போய்ச் சேரும் பெரிய இடங்கள் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி என்று இரண்டாகவே இருந்தன. பெருங்குடிக் குப்பை மேடு வளர்ந்தது எங்கே தெரியுமா? பறவைகள் கடல் கடந்து வந்து தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேல். 2022-இல் அந்தச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் என்னும் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. உலகம் போற்றும் இடத்தை நாம் குப்பைத் தொட்டியாக உபயோகித்திருக்கிறோம்! அங்கே பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் வேலையை நகரசபை ஆரம்பித்தது பாராட்டத் தக்க காரியம்.

கொடுங்கையூர் ஜனங்களின் நிலை வேறு. தலைமுறை தலைமுறையாக நகரத்தின் குப்பையையும் புகையையும் சுமந்து வந்தவர்கள் அவர்கள். அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, 2025-இல் வட சென்னை ஜனங்கள் சங்கிலியாகக் கைகோத்து நின்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம். மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் சேர்ந்த குப்பையின் புகையைக் கொடுங்கையூர்க் குழந்தை ஏன் சுவாசிக்க வேண்டும்? புகையினால் தீங்கில்லை என்று சொல்லும் நிபுணர்கள், அதே ஆலையைத் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா?

இந்தக் குப்பையை நம் வாசலிலிருந்து எடுத்துச் செல்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டு மாதத்தில் ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலையைத் தனியார் வசம் ஒப்படைத்ததை எதிர்த்து, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்கு உறுதி போய்விடும், கூலி குறைந்துவிடும் என்பது அவர்கள் அச்சம். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 13-ஆம் நாள் நள்ளிரவில் போலீஸார் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நடைபாதையைக் காலி செய்ய வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு இருந்தது உண்மை. ஆனால், வெள்ளத்திலும் கொள்ளை நோயிலும் நம் தெருவை விட்டு ஓடாமல் நின்றவர்களிடம், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து இன்னும் சற்றுப் பொறுமையுடன் பேசியிருக்கலாம். துப்புரவைக் காண்டிராக்டுக்கு விட்டால் செலவு குறையும் என்பது கணக்கர் வாதம். அந்த மிச்சம் துடைப்பம் பிடிக்கும் கையின் கூலியிலிருந்து வருமானால் அது மிச்சம் அன்று, கடன். என்றைக்காவது ஒரு நாள் நகரம் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

நம் வீட்டுக் கடமையும் ஒன்று உண்டு. ஈரக் குப்பையையும் உலர்ந்த குப்பையையும் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருஷத்து விதிகளிலேயே சொல்லியிருந்தது. சாம்பார் வடிந்த பிளாஸ்டிக் பையையும், உடைந்த கண்ணாடியையும், குழந்தையின் துணியையும் ஒன்றாகக் கட்டி வீசுகிறோம். அதை இன்னொரு தாயார் தன் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் இரண்டு கூடை வைப்பதற்கு எந்தத் தீர்மானமும் நிறைவேற வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளே மேயர். சமையலறையே சபா மண்டபம்.

வரி கொடுப்பவன் கேள்வி

2022-இல் சொத்து வரியை உயர்த்தினார்கள். வீட்டின் அளவுக்குத் தகுந்தபடி 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரையில் உயர்ந்தது. பல வருஷங்களாக உயர்த்தாமல் இருந்துவிட்டு ஒரே மூச்சில் உயர்த்தியதால் ஜனங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரியே வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். விளக்கும் கால்வாயும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும், வரி மட்டும் வேண்டாம் என்பது குழந்தைத்தனம். ஆனால் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பது குழந்தைத்தனம் அன்று, குடிமைத்தனம்.

இதற்கு நாம் சொல்லும் யோசனைகள் மிகவும் எளியவை. சபையில் ஒரே கூட்டத்தில் பல பத்துத் தீர்மானங்கள் மின்னல் வேகத்தில் நிறைவேறுகின்றன. அவற்றை ஒரு வாரம் முன்னதாகவே தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் ஒட்டி வைக்கட்டும். தெருவில் வேலை நடக்கும்போது, என்ன வேலை, எவ்வளவு தொகை, காண்டிராக்டர் யார், எத்தனை வருஷத்துக்கு அவர் பழுது பார்த்துத் தர வேண்டும் என்ற விவரங்களை ஒரு பலகையில் எழுதித் தெருமுனையில் நிறுத்தி வைக்கட்டும். சாலை ஆறு மாதத்தில் பெயர்ந்தால், பலகையைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தெருவிலேயே நூறு இன்ஸ்பெக்டர்கள் சம்பளம் இல்லாமல் தயாராக இருப்பார்கள்.

கவுன்ஸிலர்கள் விஷயத்திலும் நியாயமாக இருக்க வேண்டும். 2023-இல் மேயருக்கு மாதம் 30,000 ரூபாயும், துணை மேயருக்கு 15,000 ரூபாயும், அங்கத்தினருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக நிர்ணயித்தார்கள். ஒரு வார்டு முழுவதும் சுற்றி வருகிறவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மையானவர் பிழைக்க முடியாத சம்பளத்தை வைத்துவிட்டு, நேர்மையானவர் வரவில்லையே என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை.

2022-ஆம் வருஷத்துச் சபையில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. இடங்களில் பாதி மகளிருக்கு. 1956-57-இல் திருமதி தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயராக விளங்கினார். 1971-72-இல் திருமதி காமாட்சி ஜயராமன். அதன் பிறகு ஐம்பது வருஷம் கழித்து, 2022-இல், 28 வயதான திருமதி ஆர். பிரியா அந்தப் பதவிக்கு வந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த முதல் பெண் மேயர் அவரே. சில வார்டுகளில் பெயர் மனைவியுடையதாகவும், பேச்சுக் கணவருடையதாகவும் இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். அந்தக் குறை தீர வழி ஒன்றுதான்: புகார் சொல்லப் போகிறவர்கள், “அம்மாளைப் பார்க்க வந்தோம்” என்று சொல்லி, அம்மாள் வரும் வரையில் வாசலிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்!

பகுதி சபைக்குப் போவோம்

நகரசபைக்கும் நம் வாசலுக்கும் நடுவே பாலமாகச் சட்டம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 2022-இல் வந்த விதிகளின்படி, ஒவ்வொரு வார்டுக்கும் கவுன்ஸிலர் தலைமையில் ஒரு வார்டு கமிட்டி. வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கு இது. 2022 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாக இந்தக் கூட்டங்கள் நடந்தன. பகுதி வாக்காளர்கள் எல்லாரும் இதில் வந்து உட்காரலாம், கேட்கலாம், சொல்லலாம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நம் நேயர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட்டம் நடப்பதை முன்கூட்டி அறிவிக்காமல், வேலை நாளில், உத்தியோகத்துக்குப் போகும் நேரத்தில், தெரிந்த பத்துப் பேரை வைத்து நடத்தி முடித்துவிடும் வழக்கம் வேரூன்றி விட்டால், நல்ல சட்டம் ஒன்று காகிதப் பூவாகி விடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில், நகரசபைப் பள்ளிக்கூடத்தில், பத்து நாள் முன்னால் தண்டோராப் போட்டது போல் அறிவித்து நடத்த வேண்டும் என்று கோருகிறோம். சென்ற கூட்டத்தில் என்ன கேட்டார்கள், அதில் எது நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, ஏன் என்பதை வாசித்துவிட்டுத்தான் அடுத்த கூட்டத்தை ஆரம்பிக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. “என் வீட்டு முன்னால் விளக்கு எரியவில்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்து விடாதீர்கள். அடுத்த தெருவிலுள்ள குடிசைப் பகுதிக்குத் தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்றும் கேளுங்கள். நகரசபைப் பள்ளிக்கூடத்தில் கழிப்பிடம் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் குழந்தை அங்கே படிக்காவிட்டாலும் கேளுங்கள். 1920-இல் ஓரணாச் சிற்றுண்டிக்குக் கை தூக்கிய கனவான்களின் பிள்ளைகள் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருக்கவில்லை. பிறர் பிள்ளைக்காகக் கை தூக்கியதால்தான் அவர்களை நூறு வருஷம் கழித்தும் நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

சுதந்திரம் என்பது செங்கோட்டையில் வருஷத்துக்கு ஒரு நாள் கொடி ஏற்றுவதோடு முடியும் விஷயமன்று. அது தெரு விளக்கிலும், கால்வாயிலும், குப்பைக் கூடையிலும் நாள்தோறும் நாம் நடத்திக் காட்ட வேண்டிய காரியம். அடுத்த பகுதி சபை எப்போது என்று வார்டு அலுவலகத்தில் இந்த வாரமே விசாரித்து வையுங்கள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாஷிங்டன் விவகாரத்தை, திரும்பி வரும் வழியில் பேசிக் கொள்ளலாம்.